விளக்கை எண்ணி வள்ளத்தை அறிதல்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து மேற்கே செல்லும் வீதி, மண்டைதீவையும் அல்லைப்பிட்டியையும் தொட்டு மண்கும்பானை அடைகின்றது. வேலணைத் தீவைச் சேர்ந்த இவ்வூர், பெயருக்கேற்ப மணல் நிறைந்த ஊர். நிலவில்லாத இரவொன்றில் இக்கரையில் நின்று கடலை நோக்குவோருக்குத் தொழிலுக்குச் சென்ற வள்ளங்களின் விளக்குகள் தொலைவிலே புள்ளி புள்ளியாகத் தோன்றும். வள்ளத்தின் அணியமும் தெரியாது; கடையாரும் தெரியாது; வலை இழுப்பவரும் தெரியார். ஆயினும் கரையில் நிற்கும் முதியவர் ஒருவர், “ஒன்பது வள்ளம் நிற்கிறது” என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுவார். அவர் ஒரு வள்ளத்தையேனும் கண்டாரல்லர். ஒன்பது விளக்குகளைக் கண்டார். ஒன்பது வள்ளங்களை எண்ணினார்.

அன்றாடம் நிகழும் இச்சிறு செயலில் விஞ்ஞானத்தின் நுட்பமான உண்மையொன்று அடங்கியிருக்கின்றது. ஒரு பொருளின் உருவத்தைக் காண்பது வேறு. அப்பொருள் அங்கே உண்டென்று அறிவது வேறு. உருவம் தெரியாத பொருளையும், அது ஒளிவிடுமாயின், உண்டென்று அறியலாம். ஒன்று, இரண்டு என்று எண்ணவும் செய்யலாம். வைரசு எனப்படும் மிக நுண்ணிய நோய்க்காரணிகளைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் துணையால் எண்ணும் முறை இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது.

“வைரசை ஒளி நுணுக்குக்காட்டியால் காண இயலாது, அதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்” என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. இக்கூற்று பொய்யன்று; ஆனால் முழு உண்மையுமன்று. எவ்வளவு உண்மை, எங்கே அது குறைகின்றது என்பதை அறிவதற்கு முதலில் அளவுகளைப் பற்றிய தெளிவு வேண்டும்.

ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்கிரோமீற்றர் எனப்படும். அதனை மீண்டும் ஆயிரம் கூறாக்கினால் வருவது நனோமீற்றர். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய எழுபது மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. சாதாரணப் பற்றீரியா ஒன்று ஒன்றிரண்டு மைக்கிரோமீற்றர் நீளமிருக்கும். வைரசுகளோ இன்னும் சிறியவை. அம்மைப்பால் வைரசு அவற்றுள் பெரியது. அதுவே ஏறத்தாழ 300 நனோமீற்றர்தான். இன்புளுவென்சா வைரசு ஏறத்தாழ 100 நனோமீற்றர். இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் போலியோ வைரசு 30 நனோமீற்றர் மட்டுமே. மண்கும்பான் மணல் ஒன்றின் அகலம் அரை மில்லிமீற்றர் எனக் கொண்டால், அந்த ஒரு மணலின் குறுக்கே பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட போலியோ வைரசுகளை வரிசையாக அடுக்கலாம்.

நுணுக்குக்காட்டியிலே வில்லைகளைக் கூட்டிக்கொண்டே போனால் எத்துணைச் சிறிய பொருளையும் பெரிதாக்கிக் காணலாம் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று என்பதை யேர்மனியின் யேனா நகரத்து அறிஞர் ஏர்ண்ஸ்ற் அபே 1873ஆம் ஆண்டிலே காட்டினார். குறை வில்லையில் இல்லை. ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளி அலையாகச் செல்வது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நனோமீற்றர் வரையாகும். ஆழமற்ற பரவைக் கடலில் வலை கட்டுவதற்காக நட்ட மெல்லிய தடியொன்றைக் கடல் அலை கடந்து செல்வதைப் பார்த்தவர் அறிவர். அலை தடியைச் சூழ்ந்து மறுபுறம் சேர்ந்து, தடியே இல்லாததுபோலச் சென்றுவிடும். அவ்விடத்திலே பெரிய தோணியொன்று நின்றால் அதன் பின்னே அலையடங்கிய நீர் தெரியும். அலையிலும் மிகச் சிறிய பொருள், தன் வடிவத்தைப் பற்றிய செய்தியை அந்த அலையில் எழுதி அனுப்ப வல்லதன்று. இதனால் மிகச் சிறந்த வில்லையைக் கொண்டும், வில்லைக்கும் பொருளுக்கும் இடையே எண்ணெய்த் துளி வைத்தும் பார்த்தாலும், ஏறக்குறைய 200 நனோமீற்றருக்கு உட்பட்ட இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காண இயலாது. அவை கலந்து ஒன்றாகவே தோன்றும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அபே வகுத்த எல்லை, இரண்டைப் பிரித்துக் காண்பதற்கான எல்லை. தனியாக நிற்கும் ஒன்றை உண்டென்று அறிவதற்கு அவ்வெல்லை தடையாகாது. வானத்து விண்மீன் ஒவ்வொன்றும் கண்ணின் ஆற்றலுக்கு எட்டாத தொலைவில் இருந்தும் ஒளிப்புள்ளியாகத் தெரிகின்றதன்றோ? கடலில் நிற்கும் விளக்கும் அத்தகையதே. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. பின்புலம் இருண்டிருத்தல் வேண்டும்; பகலில் அந்த விளக்கு தெரியாது. விளக்குப் போதிய ஒளி உடையதாயிருத்தல் வேண்டும். விளக்குகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்றல் வேண்டும். இரண்டு வள்ளங்கள் ஒட்டி நின்றால் கரையிலிருப்பவர் ஒன்றென்றே எண்ணுவார். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் செய்ததெல்லாம் இம்மூன்று நிபந்தனைகளையும் நுணுக்குக்காட்டியின் அடியிலே நிறைவேற்றியதேயாகும்.

இவ்வழியில் முதலடி வைத்தவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் வாழ்ந்த ஜோன் புயிஸ்ற் என்னும் மருத்துவர். 1796இல் எட்வேட் ஜென்னர் தொடக்கிவைத்த அம்மைப்பால் குத்தும் முறை அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. ஆனால் அந்தப் பாலில் வைசூரியைத் தடுப்பது யாதென எவருக்கும் தெரியாது. 1886ஆம் ஆண்டிலே புயிஸ்ற் அம்மைப்பாலைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி, சாயமூட்டி, வலிமைமிக்க வில்லையால் நோக்கினார். எண்ணிறந்த நுண் புள்ளிகள் அங்கே தென்பட்டன. அவற்றின் அளவையும் அவர் ஏறக்குறையக் கணித்தார். வைரசு என்னும் கருத்தே உருவாகாத காலமாதலால், அவை ஏதோ ஒரு பற்றீரியாவின் வித்துகள் என்று கருதினார். அவர் கண்டது வைரசையே என்பது பல்லாண்டுகள் கழிந்த பின்னரே உணரப்பட்டது. கண்டவர் தாம் கண்டது இன்னதென அறியாமலே மறைந்தார்.

1906ஆம் ஆண்டில் யேர்மனியின் ஹம்பேர்க் நகரில் என்ரிக்கே பாஷன் இதே புள்ளிகளை மேலும் தெளிவாகக் கண்டு, அவையே நோய்க்காரணியாகலாம் என்று வாதித்தார். வைசூரி வைரசும் அம்மைப்பால் வைரசும் அபேயின் எல்லைக்குச் சற்று மேலே நிற்பவை. சாயமோ வெள்ளிப்படிவோ அவற்றின்மேல் படியும்போது அவை இன்னுஞ் சிறிது பருத்து, எண்ணெய் வில்லையின் கீழ்ப் புள்ளியாகப் புலப்படுகின்றன. இவ்வாராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடவில்லை. உடலில் கொப்புளங்களுடன் வரும் ஒருவருக்கு வந்தது வைசூரியா, கொப்புளிப்பானா என்பது ஓர் ஊரின் உயிர் பற்றிய வினாவாக இருந்த காலத்தில், கொப்புளத்தின் அடியைச் சுரண்டிச் சாயமூட்டிப் பார்ப்பது மருத்துவர்களுக்கு உடனடித் துணையாயிற்று. புள்ளிகள் மண்டிக் கிடந்தால் வைசூரியென்ற ஐயம் வலுப்பெறும். இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாத ஊர்களிலும் இச்சோதனையைச் செய்ய முடிந்தது. சென்னைக் கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே தோன்றியது. அந்நிலையத்தினின்று போன ஒவ்வொரு துளி அம்மைப்பாலிலும் புயிஸ்ற் கண்ட அதே புள்ளிகள் இலட்சக்கணக்கில் இருந்தன. 1977இல் சோமாலியாவில் கண்ட நோயாளியே இயற்கையாக வைசூரி கண்டவர்களுள் இறுதியானவர். 1980ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்று அகன்றுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

சாயமூட்டிக் காணும் முறை பெரிய வைரசுகளுக்கே பயன்பட்டது. சிறியவற்றைக் காண வேறொரு வழியை இயற்கையே கற்பித்தது. ஓலைக் கூரையின் துவாரத்தின் வழியே இருண்ட அறைக்குள் விழும் வெயிற் கதிரிலே தூசுகள் மிதந்து மினுங்குவதை எவரும் கண்டிருப்பர். கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டால் அத்தூசுகள் மறைந்துபோகும். தூசு போகவில்லை, இருளே போயிற்று. 1903ஆம் ஆண்டில் சீடென்ரொப், சிக்மொண்டி என்னும் அறிஞர் இருவரும் இதையே கருவியாக்கினர். ஒளியை நுணுக்குக்காட்டியின் அடியிலிருந்து செலுத்தாமல் பக்கத்திலிருந்து செலுத்தினர். நேரொளி கண்ணை அடைவதில்லை. துகள்கள் சிதறவிடும் ஒளி மட்டுமே அடையும். கரிய பின்புலத்திலே விண்மீன்கள்போலத் துகள்கள் தோன்றின. கண்ணாடியிலும் நீரிலும் கலந்திருந்த பொன் துகள்களைச் சிக்மொண்டி இவ்வாறு எண்ணினார். கலந்த பொன்னின் நிறை தெரியும். துகளின் தொகை எண்ணினால் தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு துகளின் நிறையும் பருமனும் கிடைக்கும். வடிவத்தைக் காணாமலே அளவை அறிந்துவிட்டார். 1925ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஆயினும் இம்முறைக்கு இயற்கை ஒரு கடுமையான வரி விதித்திருக்கின்றது. ஒளியலையிலும் மிகச் சிறிய துகள் சிதறவிடும் ஒளியின் அளவு, அத்துகளின் விட்டத்தின் ஆறாம் வலுவைப் பொறுத்தது. விட்டம் பாதியாகக் குறைந்தால் சிதறும் ஒளி பாதியாகக் குறைவதில்லை. அறுபத்து நான்கில் ஒரு பங்காகின்றது. விட்டம் பத்தில் ஒன்றானால் ஒளி பத்து இலட்சத்தில் ஒன்றாகிவிடும். பொன் துகள் ஒளியை வன்மையாகச் சிதறடிப்பது. வைரசோ புரதமும் நியூக்கிளிக் அமிலமும் ஆனது. நீரினின்று பெரிதும் வேறுபடாதது. ஆகவே அம்மைப்பால் வைரசுக்குப் பொருந்திய முறை அதனிற் சிறிய வைரசுக்கு எளிதில் பொருந்தவில்லை. 1931இல் யேர்மனியில் தோன்றிய இலத்திரன் நுணுக்குக்காட்டி, அப்பத்தாண்டு முடியுமுன்பே வைரசுகளின் வடிவத்தைப் படமாகக் காட்டிவிட்டது. அதன்பின் ஒளி நுணுக்குக்காட்டியால் இத்துறையில் ஆவதொன்றில்லை என்றே பலர் கருதினர்.

அவர்கள் எண்ணியது தவறாயிற்று. சிதறும் ஒளி போதாதாயின், துகளையே விளக்காக்கிவிடலாமன்றோ? இதுவே புளொரொளிர்வு முறையின் கருத்து. சில சாயங்கள் நீல ஒளியை உண்டு பச்சை ஒளியை உமிழும் இயல்புடையவை. அவற்றுள்ளும் சில, தனித்திருக்கும்போது ஏறக்குறைய ஒளியற்றவையாகவும், டி.என்.ஏ. என்னும் மரபணுப் பொருளைப் பற்றிக்கொண்டவுடன் பன்மடங்கு ஒளிர்பவையாகவும் உள்ளன. பெரும்பாலான கடல் வைரசுகளின் உள்ளே டி.என்.ஏ. இருக்கின்றது. சாயம் உட்புகுந்து அதனைப் பற்றியவுடன் அந்த வைரசு பச்சை விளக்காகின்றது. நுணுக்குக்காட்டியில் நீல ஒளியை மறித்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டியொன்றை வைத்துவிட்டால் பின்புலம் இருண்டுபோகும். நிபந்தனை இரண்டு நிறைவேறின. மூன்றாவதாகிய இடைவெளியை, எடுக்கும் நீரின் அளவைக் குறைத்து வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம்.

இம்முறை பெரும் பயன் விளைத்த களம் மருத்துவமனையன்று, கடலாகும். 1989ஆம் ஆண்டு வரை கடலில் வைரசு மிகச் சிலவே உண்டென்பது பொதுக் கருத்து. அவ்வாண்டில் நோர்வே நாட்டு விஞ்ஞானிகள் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் எண்ணி, இயற்கை நீர் ஒரு மில்லிலீற்றரில் இருபத்தைந்து கோடி வரை வைரசுத் துகள் இருத்தல் கூடுமென வெளியிட்டனர். இச்செய்தி கேட்டோரைத் திகைக்க வைத்தது. உலகின் பல கடல்களிலும் சென்று எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை பிறந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியோ விலையாலும் பருமனாலும் பெரியது. ஆடும் கப்பலுக்கு ஏற்றதன்று. ஒரு மாதிரியை எண்ணவும் நெடுநேரம் பிடிக்கும். 1991இல் யப்பானிய அறிஞர்கள் கடல் வைரசுகளைப் புளொரொளிர்வு முறையால் எண்ண இயலுமெனக் காட்டினர். 1998இல் அமெரிக்காவில் நோபில், பூர்மன் என்போர் மேலும் ஒளிமிக்க பச்சைச் சாயத்தைக் கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கப்பலில் வைத்தே எண்ணத்தக்க எளிய முறையை வகுத்தனர்.

அம்முறையின் செய்கை இது. கடல்நீரில் ஒரு மில்லிலீற்றர் அளவு எடுக்கப்படும். அலுமினியம் ஒட்சைட்டினால் ஆன மெல்லிய வடிதகட்டின் வழியே அது மெதுவாக உறிஞ்சி இழுக்கப்படும். அத்தகட்டின் துளைகள் 20 நனோமீற்றர் அகலமே உடையவை. நீர் போகும், வைரசு போகாது. நீர் வடிந்தபின் தகட்டின் மேல் வைரசுகள் நெல் காயவிட்ட முற்றம்போலப் பரவிக் கிடக்கும். தகடு சாயத்துளியின் மேல் வைக்கப்பட்டு, இருளிலே கால்மணி நேரம் விடப்படும். பின்னர் கண்ணாடித் தகட்டில் ஏற்றி எண்ணெய் வில்லையால் நோக்கினால், கரிய வானில் பச்சை விண்மீன்கள் தோன்றும். அவற்றுள் பருத்து ஒளிர்பவை பற்றீரியாக்கள்; ஊசிமுனைபோலச் சிறியவை வைரசுகள்.

தகடு முழுவதையும் எண்ணவேண்டியதில்லை. பார்வைத்துண்டில் பொறித்த சதுரத்துக்குள் விழுவதை மட்டும் எண்ணி, பல இடங்களில் இவ்வாறு செய்து சராசரி காணப்படும். எடுத்துக்காட்டாக, அச்சதுரத்தின் பக்கம் 50 மைக்கிரோமீற்றர் எனக் கொள்வோமானால், அதன் பரப்பு 0.0025 சதுர மில்லிமீற்றர். தகட்டில் நீர் வடிந்த பரப்பு 200 சதுர மில்லிமீற்றராயின், அது 80,000 சதுரங்கள் கொண்டது. ஒரு சதுரத்தில் சராசரி 100 புள்ளி இருந்தால், ஒரு மில்லிலீற்றர் நீரில் 80 இலட்சம் துகள் உண்டென்பது கணக்கு. ஒரு தேக்கரண்டி நீரில் நான்கு கோடி. கரையோரக் கடல்களில் எண்ணியோர் கண்ட தொகைகள் இத்தரத்தைச் சேர்ந்தவையே. எண்ணிக்கையில் தற்செயற் பிழையும் உண்டு. நூறு புள்ளி எண்ணினால் ஏறக்குறையப் பத்து கூடியோ குறைந்தோ இருக்கலாம். நானூறு எண்ணினால் இருபது. அதாவது பத்து விழுக்காட்டுப் பிழை ஐந்தாகக் குறைகின்றது. ஆதலாலேயே எண்ணுவோர் சில நூறு புள்ளிகளையேனும் எண்ணாமல் ஓய்வதில்லை.

இவ்வாறு எண்ணியதனால் கிடைத்த அறிவு சிறிதன்று. கடலில் பற்றீரியா ஒன்றுக்கு ஏறக்குறையப் பத்து வைரசு உண்டென்பது பொதுவாகக் காணப்பட்டது. அவற்றில் மிகப் பல, பற்றீரியாக்களைத் தாக்கி அழிப்பவை. மனிதரையோ மீனையோ தொடாதவை. கடலில் வாழும் நுண்ணங்கிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அவை நாள்தோறும் உடைத்துக் கொல்லுகின்றன என்று மதிப்பிடப்படுகின்றது. உடைந்த நுண்ணங்கியினின்று வெளியாகும் காபனும் நைதரசனும் நீரில் கலந்து, மற்ற நுண்ணங்கிகளுக்கு உணவாகின்றன. மீன் வளரும் கடலின் உணவுச் சுழற்சியில் கண்ணுக்குப் புலனாகாத இத்துகள்களுக்கும் பங்குண்டு. தீவுப்பகுதி மக்கள் நம்பி வாழும் ஆழமற்ற கடலும் இவ்விதிக்கு விலக்கன்று.

ஆயினும் விளக்கை எண்ணி வள்ளத்தைச் சொல்பவர் ஏமாறவும் கூடும். கரையில் ஒருவன் விளக்கேந்தி நடந்தால் அதுவும் ஒரு வள்ளமாக எண்ணப்படும். விளக்கை அணைத்து நிற்கும் வள்ளம் எண்ணப்படாமலே போகும். வைரசை எண்ணுவதிலும் இவ்விருவகைப் பிழைகளும் உண்டு.

முதலாவது வகையில், சாயம் வைரசை மட்டுமே தேடிப் பற்றுவதன்று. இறந்த உயிரணுக்களினின்று சிதறிய டி.என்.ஏ. துண்டுகளும், டி.என்.ஏ.யைத் தாங்கி பற்றீரியாக்களால் வெளிவிடப்படும் நுண்குமிழ்களும் பச்சைப் புள்ளியாகவே தோன்றும். இதனால் கவனமுடையோர் வெறுந் தகட்டைச் சாயமூட்டி எண்ணி அத்தொகையைக் கழிப்பர்; மிதக்கும் டி.என்.ஏ.யைக் கரைக்கும் நொதியத்தை இட்டும் பார்ப்பர். இரண்டாவது வகையில், ஆர்.என்.ஏ. என்னும் வேறுவகை அமிலத்தை உடைய சிறு வைரசுகள் இச்சாயத்தால் போதிய ஒளி பெறுவதில்லை. ஹவாய்த் தீவுகளின் குடாவொன்றில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, கடல் வைரசுகளில் ஏறக்குறையப் பாதியே இவ்வாறு எண்ணாது விடப்படக்கூடுமெனக் காட்டிற்று. அன்றியும், போமலின் போன்ற மருந்திட்டு நாட்கணக்கில் வைத்த மாதிரிகளில் துகள்கள் விரைவாகக் குறைந்துபோவதை 2004இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எடுத்தவுடன் தகடாக்குதல் வேண்டும். அன்றேல் திரவ நைதரசனில் உறையவைத்தல் வேண்டும். முன்னர் எண்ணிய தொகைகள் சில உண்மையிற் குறைந்தவை என்பது இதனால் விளங்கிற்று.

இவற்றினும் ஆழமான வினா ஒன்றுண்டு. எண்ணப்பட்ட துகள்களுள் எத்தனை உயிரணுவைத் தாக்கும் வன்மை உடையவை? இதனைப் புள்ளி சொல்லாது, விளைவே சொல்லும். 1896ஆம் ஆண்டிலே ஆக்கிராவில் பணியாற்றிய ஹங்கின் என்னும் விஞ்ஞானி, கங்கை, யமுனை நீரை நுண்துளைப் பீங்கானில் வடித்த பின்னரும் அது வாந்திபேதிக் கிருமியைக் கொல்வதையும், கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் மறைவதையும் எழுதினார். பற்றீரியாவை அழிக்கும் வைரசின் செயல் அது என்று பிற்காலத்தார் கருதினர். 1917இல் டி ஹெரல் அத்தகைய வைரசுக்குப் பெயரிட்டதோடு, எண்ணும் முறையையும் தந்தார். பற்றீரியா படர்ந்த தட்டில் நீர்த்த வைரசை ஊற்றினால், ஒவ்வொரு வைரசும் தன்னைச் சூழ்ந்த பற்றீரியாவை அழித்துத் தெளிந்த வட்டமொன்றை உண்டாக்கும். வட்டத்தை எண்ணினால் வன்மையுள்ள வைரசின் தொகை தெரியும்.

வைசூரிக்கும் இத்தகைய முறை உண்டு. அடைகாத்த கோழிமுட்டையின் உட்சவ்விலே வைரசை இட்டால், வெண்ணிறக் கொப்புளப் புள்ளிகள் தோன்றும். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திர ராவ், பிரித்தானியாவின் டவுணி, அமெரிக்காவின் கெம்ப் முதலியோருடன் சேர்ந்து, வைசூரி நோயாளர் வாய்கொப்புளித்த நீரில் எவ்வளவு வைரசு உண்டென்று ஆராய்ந்தார். 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் அம்முடிவுகள் வெளிவந்தன. நோயின் தொடக்க நாட்களில் வாயிலும் தொண்டையிலும் வைரசு மிகுந்திருப்பது அத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. நோயாளியை எப்போது தனிமைப்படுத்தவேண்டும் என்னும் வினாவுக்கு, எண்ணிக்கையே விடை தந்தது.

துகளை எண்ணும் தொகையும் விளைவை எண்ணும் தொகையும் ஒன்றாவதில்லை. வைரசின் வகைக்கேற்ப, பத்துத் துகளில் ஒன்றோ, நூற்றில் ஒன்றோ, ஆயிரத்தில் ஒன்றோதான் தொற்றை உண்டாக்குகின்றது. எஞ்சியவை குறைபட்டவை, அல்லது சிதைந்தவை, அல்லது தமக்குரிய உயிரணுவைச் சேரும் வாய்ப்பை இழந்தவை. ஆகவே இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

அண்மைக் காலத்தில் ஒளி நுணுக்குக்காட்டியின் வன்மை மேலும் வளர்ந்துள்ளது. துகள் சிதறவிடும் ஒளியைத் தனியே காணாமல், கண்ணாடியினின்று தெறிக்கும் ஒளியோடு கலந்து அலையோடு அலை மோதச்செய்தால், குறிப்பு விட்டத்தின் ஆறாம் வலுவுக்குப் பதிலாக மூன்றாம் வலுவைப் பொறுத்ததாகின்றது. அப்போது பாதியாகச் சிறுத்த துகளின் குறிப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகாமல் எட்டில் ஒன்றாகவே குறையும். சாயமின்றியே சிறு வைரசுகளும் தென்படும். அபேயின் எல்லையையே சூழ்ச்சியாற் கடந்து, ஒளிரும் மூலக்கூறுகளை ஏற்றியும் அணைத்தும் காணும் முறைகளும் தோன்றின. அவற்றைச் செய்த பெட்சிக், ஹெல், மேர்னர் என்னும் மூவர்க்கும் 2014ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் ஏழை நாட்டின் ஆய்கூடத்திலும் மீனவர் துறையிலும் எளிதிற் செய்யத்தக்கது, பச்சைப் புள்ளிகளை எண்ணும் அந்தப் பழைய முறையே.

இம்முறையின் பயனையும் எல்லையையும் மண்கும்பானின் கிணற்றடியில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். இவ்வூரின் மணற்பரப்பு மழைநீரை உறிஞ்சி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தாங்குகின்றது. மணல் நீரை வடிக்கும். சேற்றையும் பற்றீரியாவில் பெரும்பகுதியையும் தடுக்கும். ஆனால் மணற்பொருக்குகளின் இடைவெளி வைரசின் கண்ணுக்கு அகன்ற வீதியாகும். மலகூடக் குழி கிணற்றை அடுத்திருந்தால், செங்கமாரியை உண்டாக்கும் வைரசு அவ்வீதி வழியே வந்துசேர இயலும். அது 30 நனோமீற்றரினும் சற்றுக் குறைந்தது, ஆர்.என்.ஏ. உடையது. அக்கிணற்று நீரைப் பச்சைச் சாயமிட்டு எண்ணினால் ஆயிரமாயிரம் புள்ளிகள் தெரியலாம். அவற்றில் மிகப் பல தீங்கற்ற பற்றீரிய வைரசுகளாகவே இருக்கும். தீங்கு செய்யும் ஒன்றோ, விளக்கணைத்த வள்ளம்போல, எண்ணிக்கையில் அகப்படாமலே நிற்கலாம். புள்ளி மிகுந்த நீர் நஞ்சென்பதும் தவறு. புள்ளி குறைந்த நீர் தூயதென்பதும் தவறு. குழியைக் கிணற்றினின்று தூரமாக்குவதும், நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பருகுவதும் எந்த நுணுக்குக்காட்டிக்கும் காத்திராத காவல்களாம்.

இருளில் கரைமீது நின்று “ஒன்பது வள்ளம்” என்று சொன்ன முதியவரும் இதனை அறிவார். விளக்கின் தொகையை அவர் சொன்னார். எந்த வள்ளத்தில் எவ்வளவு மீன் என்று சொல்லவில்லை. அதை அறிய விடியும்வரை காத்திருந்து, வள்ளம் கரையேறியபின் கூடையைப் பார்க்கவேண்டும். எண்ணத்தக்கதைச் சரியாக எண்ணுவதும், அந்த எண் எதைச் சொல்லுகின்றது, எதைச் சொல்லவில்லை என்பதை மறவாதிருப்பதும் ஆய்கூடத்திலும் கடற்கரையிலும் ஒன்றேயான ஒழுக்கமாகும்.